ஓலை வாசிக்கும் நேரம்

இந்தப் பிரசங்கம் முடியவே முடியாது போல. நெகேமியா எருசலேமுக்கு மதில் கட்டத் தொடங்கி எவ்வளவு நேரமாச்சு, இன்னும் ஒவ்வொரு வாசலா நின்னு, கதவு போட்டு, தாழ்ப்பாள் போட்டு, நம்ம ஐயர் நகருதாவளா பாரு. கட்டுங்க பால்மணி ஐயரே, நல்லாக் கட்டுங்க, ஆனா சீக்கிரம் கட்டி முடிங்க. சென்னையில என்கூட டைப்பிங் டிரெய்னிங் எடுத்த ஒருத்தி, பாதிரியாரைப் போய் ஐயர்னா கூப்பிடுவீங்கன்னு விழுந்து விழுந்து சிரிச்சா. ஆமாம்மா, திருநெல்வேலிச் சீமையில வேதக்காரங்களுக்கு ஐயர்னா பாதிரியார்தான், உனக்கென்ன நஷ்டம்னு கேட்டேன். அப்பவே இந்த வாய் சும்மா இருக்காது. இன்னைக்கு மட்டும் முக்காட்டை இழுத்து விட்டுக்கிட்டு அடக்க ஒடுக்கமா உக்காந்திருக்கேன். மேல ஃபேன் சுத்துது, காத்து பூரா ஆம்பளைங்க பக்கம் போகுது. நடுவுல நடைபாதை, இந்தப் பக்கம் பொம்பளைங்க, அந்தப் பக்கம் ஆம்பளைங்க, எந்தக் காலத்துல எந்த வெள்ளைக்காரன் பிரிச்சு வச்சானோ, இன்னும் ஒருத்தன் மாறி உக்காரல. முட்டி வலிக்குது. கேஸை அணைச்சேனா? அணைச்சேன். அணைச்சுட்டுத்தான் பூட்டினேன். எனக்கு இப்ப நெகேமியாவும் வேண்டாம், அவன் மதிலும் வேண்டாம், பிரசங்கத்துக்குப் பின்னால வர அறிவிப்பு வேணும். அறிவிப்புல ஓலை வேணும். கல்யாணம் நிச்சயமான ரெண்டு பேரு பேரையும் மூணு ஞாயிறு சபையில வாசிச்சு, தடை இருக்கிறவங்க எந்திரிச்சுச் சொல்லுங்கன்னு கேக்கது எங்க வழக்கம். ஓலையில எழுதின காலம் எப்பவோ போச்சு, பேரு மட்டும் நிக்குது. இன்னைக்கு எம் மவ தெபோராளுக்கு முதல் ஓலை. வாசிக்கணும். வாசிப்பாவளா? வெளியே காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம், டீக்கடை வாசல்ல, எப்ராயீம் பைக்குல அவனோட உக்காந்திருக்கா. கட்டிக்கப்போறவன். ஸ்பீக்கர்ல எல்லாம் அங்க கேக்கும். என் பேரை வாசிச்சா உள்ள வாரேம்மா, வாசிக்கலைன்னா அப்படியே வண்டியைத் திருப்பிருவோம், பெறகு இந்த வாசலை நான் மிதிக்க மாட்டேன்னு சொல்லிட்டா. சொன்னா செய்வா. என் வயித்துல பிறந்ததுல்லா.

ஜெபிச்சுப் பாக்கேன்னு சொன்னாவ ஐயர். வெள்ளிக்கிழமை அவங்க வீட்டு முன்னறையில வச்சு. ஜெபிச்சுப் பாக்கேன். இந்த ஒரு வார்த்தையை வச்சுக்கிட்டு ரெண்டு நாளா நான் படுத பாடு. முடியும்னு அர்த்தமா, முடியாதுன்னு அர்த்தமா? கோர்ட்டுல பெஞ்ச் கிளார்க்கா ஆயுசு பூரா குப்பை கொட்டினவ நான், வாய்தா கேக்கிற வக்கீலு குரலு எனக்குத் தெரியாதா? இது வாய்தா குரலுதான். ஆனா ஐயரம்மா உள்ளேருந்து காப்பி கொண்டாந்தப்போ, தெபோராள் நல்லா இருக்காளான்னு கேட்டா. தெபோராள்னு பேரைச் சொல்லிக் கேட்டா. அப்போ ஐயரும் காப்பியைக் குனிஞ்சு பாத்தாவ, மறுத்து ஒண்ணும் சொல்லல. அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நான் தொங்குதேன். அம்மா, நான் அவளை வெறுக்கேன்னு நினைச்சுராதீங்க, அவ ஆஸ்பத்திரியில கிடந்தப்போ நான்தானே வந்து ஜெபம் பண்ணினேன்னு ஐயர் சொன்னாவ. பண்ணினாவ, இல்லைங்கல. ஆபரேஷன்னு சொன்னேன், என்ன ஆபரேஷன்னு அவங்களும் கேக்கல, நானும் சொல்லல, குடலிறக்கத்துக்கு ஜெபிக்கிற மாதிரி ஜெபிச்சுட்டுப் போனாவ. நல்ல மனுசர்தான். கெட்டவரா இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்! வாயில வந்ததைப் பேசிட்டு வந்திருப்பேன். ஆனா இந்த மனுசர் கையைப் பிசைஞ்சுக்கிட்டு, கண்ணு கலங்க, அம்மா, ஆணும் பெண்ணுமாய்ச் சிருஷ்டிச்சார்னு நான் விசுவாசிக்கேன், அந்த விசுவாசத்துக்கு விரோதமா என்னைச் செய்யச் சொல்ல இந்த நாட்டுச் சட்டத்துலயும் இடமில்ல, உங்களுக்குத் தெரியாதது இல்லைன்னு சொல்லுதாவ. தெரியும் ஐயரே. நல்லாத் தெரியும். அதுதானே என் வயித்தெரிச்சல்.

ஏன்னா அவங்க சொன்னது சரி. திருப்பித் திருப்பிப் போட்டுப் பாத்தாச்சு, சரிதான். மதத்தைப் பின்பற்ற உரிமை, மதக் காரியத்தை அவங்கவங்களே நடத்திக்க உரிமை, அரசியல் சட்டம் இருபத்தஞ்சு, இருபத்தாறு, எத்தனை மனுவுல நானே படிச்சிருக்கேன். மதமாற்றத் தடைச் சட்டம்னு ஒண்ணு கொண்டாந்தப்போ நாங்க எல்லாரும் கறுப்புத் துணி கட்டிக்கிட்டு ஊர்வலம் போகலியா? எங்க விசுவாசத்துல கை வைக்க அரசாங்கத்துக்கு உரிமை இல்லைன்னு தொண்டை கிழியக் கத்தினேன், கவர்மெண்டு வேலையில இருந்துக்கிட்டு, மெமோ வந்தா வரட்டும்னு. இன்னைக்கும் கூப்பிட்டா போவேன். அதே சுவருதான். அன்னைக்கு அது என்னைக் காப்பாத்திச்சு, இன்னைக்கு ஐயரை என்கிட்ட இருந்து காப்பாத்துது. யாரைப் போய் என்னன்னு கேக்க? தெபோராளுக்கும் சட்டம் இல்லாமலா இருக்கு? திருநங்கையும் மணப்பொண்ணுதான்னு மதுரையில ஹைகோர்ட்டு சொல்லியாச்சு, டெல்லியில சுப்ரீம் கோர்ட்டும் கல்யாணம் கட்டிக்கலாம்னு சொல்லியாச்சு. ரிஜிஸ்டர் ஆபீசுல நோட்டீஸ் ஒட்டியாச்சு, நாள் முடிஞ்சதும் கையெழுத்துப் போடப் போறாங்க. சட்டப்படி அவ கல்யாணத்தை யாரும் தடுக்க முடியாது. சட்டப்படி அந்தக் கல்யாணத்தைக் கோயில்ல வாசிக்கவும் யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. ரெண்டும் சரி. ரெண்டு சரிக்கு நடுவுல எம் மவ டீக்கடையில உக்காந்திருக்கா. அம்மா, அதான் ரிஜிஸ்டர் ஆபீசு இருக்கே, விடுங்கன்னு எப்ராயீம் சொன்னான், பாவம், காத்தாலையில உச்சாணியில ஏறி நட்டு முடுக்குத பய, கீழ இருக்கிற எங்க தொல்லை எல்லாம் அவனுக்குச் சின்னதாத்தான் தெரியும். கேஸ் போடலாமேன்னு ஒரு வக்கீல் பையன் சொன்னான். போட்டு? ரெண்டு போலீஸ்காரன் பக்கத்துல நின்னு ஐயர் ஓலை வாசிச்சா அது ஓலையாலே? எப்.ஐ.ஆர் அது. எனக்கு அவங்க வாயால வேணும், அவங்க மனசால வேணும். மனசை மாத்தச் சொல்லி எந்தக் கோர்ட்டுல மனு போட? ச்சீ, என்ன எழவு ஃபேன் இது, கடகடன்னு சத்தம் மட்டும்தான்.

முன்வரிசையில கிரேஸ்புஷ்பம் திரும்பிப் பாக்கா. சத்தமாப் பெருமூச்சு விட்டுட்டேன் போல. சிரிக்கா. நானும் சிரிச்சு வச்சேன். அவ மவ பெனிட்டாவுக்கு இன்னைக்கு மூணாம் ஓலை, அடுத்த வியாழக்கிழமை கல்யாணம், அந்த மிதப்புல இருக்கா, இருக்கட்டும். பெனிட்டா தங்கமான பிள்ளை. கல்யாணக் கார்டு அடிச்சு வந்ததும் எங்க வீட்டுக்குத்தான் வந்தா, தெபோராக்கான்னு கார்டுல எழுதிக் கொண்டாந்து கையில கொடுத்தா. அவ போன பெறகு எம் மவ அந்தக் கார்டை மூக்குல வச்சு மோந்து பாத்துக்கிட்டே இருந்தா, கார்டுல அடிச்சிருந்த சென்டு மணம். எனக்கும் இப்படி ஒரு கார்டுன்னு நினைச்சிருப்பா. நான் அடுப்படிக்குப் போயிட்டேன். அவளுக்கு வச்ச பழைய பேரை நான் இப்ப சொல்லுததில்ல. மனசுக்குள்ளயும் சொல்லுததில்ல. ஆனா சனியன், தூங்கி எந்திரிக்கிற நேரத்துல அதுவா நாக்குக்கு வருது. இருபது வருசம் கூப்பிட்ட பேரு. இதே கோயில்ல, அந்தத் தொட்டியில தண்ணி அள்ளித் தலையில விட்டு வச்ச பேரு. ஐயரு அதைத்தான் பிடிச்சுக்கிட்டு நிக்காவ, ஞானஸ்நான ரிஜிஸ்டர்ல என்ன பேரு இருக்கோ அதைத்தான் வாசிக்க முடியும்கிறாவ. ஒரு நாளு சாயங்காலம், மழை வருத மாதிரி இருந்துச்சு, மாடியில துணி கிடந்துது, ஏட்டி, துணியை எடுத்துட்டு வாட்டின்னு கத்திட்டேன். யோசிக்காமதான் கத்தினேன். அதுக்கு முந்தி வரைக்கும் பையனைக் கூப்பிடுத மாதிரி ஏலேன்னுதான் கூப்பிடுவேன், இல்லைன்னா எதுவும் சொல்லாம அவ முகத்துக்கு நேரா நின்னு பேசுவேன். அவ மாடிப்படியில அப்படியே நின்னுட்டா. துணி பூரா நனைஞ்சு போச்சு. ரெண்டு பேரும் படியில உக்காந்து அழுதோம், மழையும் சரியான மழை. அப்பா இருந்திருந்தா என்ன சொல்லிருப்பாவன்னு அன்னைக்கு ராத்திரி கேட்டா. உங்க அப்பா ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டாவ, கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டு இருந்திருப்பாவன்னு சொன்னேன். உண்மை அதுதான். போன கிறிஸ்துமசுக்கு என்கூட வந்து, இதே பெஞ்சுல, இந்தப் பக்கம், பொம்பளைங்க பக்கம் உக்காந்தா. பச்சைக் கலர்ல ஒரு பட்டு. பக்கத்துல இருந்த மூணு பேரும் எந்திரிச்சு முன்னால போனாளுவ. நமக்கு வசதியா இருக்கட்டும்னு இடம் விட்டாங்கம்மான்னு தெபோராள் என்கிட்டயே சமாதானம் சொன்னா. எனக்கு அன்னைக்கு வந்த ஆங்காரத்துக்கு இந்தப் பெஞ்சைத் தூக்கி அடிச்சிருக்கணும். பாமாலைப் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கிட்டு இருந்தேன்.

ஆமென். முடிஞ்சுது. மதில் கட்டியாச்சு. ஐயர் தண்ணி குடிக்காவ. வாசிச்சா என்ன ஆகும்? இதையும் நினைக்காம இருக்க முடியல. வாசிச்சா அந்தப் பக்கம் தங்கதுரை எந்திரிப்பாரு. கமிட்டிச் செயலாளரு. பேண்ட்டை இழுத்து விட்டுக்கிட்டு, தொண்டையைக் கனைச்சுக்கிட்டு, ஐயரே எனக்குத் தடை உண்டும்பாரு. சபையில யாரும் பேசக்கூடாத நேரம் பூரா போக, சாதாரண ஆளு எந்திரிச்சுப் பேசலாம்னு இருக்கிறது இந்த ஒரு நேரம்தான், அதை அந்த மனுசன் விடுவாரா? விடட்டும், எந்திரிக்கட்டும். பதிலெல்லாம் பாடம் பண்ணி வச்சிருக்கேன். தடைன்னா என்ன தடை? ரத்த உறவா? இல்ல. ஏற்கெனவே கல்யாணம் ஆயிருக்கா? இல்ல. வயசு பத்தாதா? முப்பத்திரெண்டு ஆகுது. பெறகு எனக்குப் பிடிக்கலைங்கிறது ஒரு தடையாய்யா? இப்படிக் கேப்பேன். எந்திரிச்சு நின்னு கேக்கணும். ராத்திரி பூரா தங்கதுரைகிட்டதான் சண்டை போட்டுக்கிட்டு இருந்தேன், படுக்கையில, வாயைத் திறக்காம. நல்லாச் சண்டை போட்டேன். ஒரு தடவை அழ வச்சுட்டேன் அவரை. ஆண்டவரே, அவரு எந்திரிச்சாக் கூடப் பரவாயில்ல. எந்திரிச்சாருன்னா வாசிச்சாங்கன்னு அர்த்தம். திட்டினாக் கூட அவ பேரு இந்தச் சுவத்துல பட்டிருக்கும். அது போதும். இவ்வளவு கேவலமா ஒருத்தி ஜெபிப்பாளா? ஜெபிக்கேன்.

அறிவிப்பு. காயிதத்தை எடுத்துட்டாவ. ஒரு காயிதமா ரெண்டு காயிதமா? இங்கேருந்து தெரியல, கண்ணாடி வீட்டுலயே இருக்கு, மூளை கெட்டவ. பெண்கள் ஐக்கிய சங்கம் செவ்வாய்க்கிழமை கூடுது. சரி. அசனத்துக்கு அரிசி கொடுக்கிறவங்க கோயில் அலுவலகத்துல கொடுக்கணும். கொடுப்போம், சபை பூரா ஒரே பந்தியில உக்காந்து திங்கிற சாப்பாடு, கொடுக்காமலா? அதுல மட்டும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் கிடையாது, கவனிச்சிருக்கேன். வாலிபர் கூட்டம். ரத்ததான முகாம். யாருடைய கைப்பையோ காணாமப் போச்சாம், எடுத்தவங்க கொடுக்கணுமாம். கைப்பையெல்லாம் வாசிக்காவ! காணாமப் போன கைப்பைக்கு இந்தக் கோயில்ல இருக்கிற யோகத்தைப் பாரு. ஓலை. இதோ ஓலை. குரலு மாறுது, ஓலைக்குன்னு ஒரு குரலு இருக்கு. நம்முடைய சபையைச் சேர்ந்த, இன்னாருடைய குமாரத்தி பெனிட்டா, நாசரேத்துச் சபையைச் சேர்ந்த இன்னாருடைய குமாரன். மூன்றாம் தரம். இவங்க ரெண்டு பேரும் இணைக்கப்படத் தடை ஏதும் அறிந்தவர்கள் இருந்தால் இப்பொழுதே தெரிவிக்கவும். கிரேஸ்புஷ்பம் முதுகு நிமிருது. அடுத்தது. அடுத்ததை எடுங்க ஐயரே. ஐயர் காயிதத்தை ரெண்டா மடிக்காவ. ஒரே காயிதம். ஒரே காயிதம்தான். கண்ணாடி இல்லாட்டியும் இது தெரியுது. மடிச்சு அங்கிக்குள்ள வைக்கப் போறாவ, ஒரு தடவை, ஒரே ஒரு தடவை இந்தப் பக்கம் பாத்தாவ, என்னைத்தான் பாத்தாவ, பாத்துட்டுக் கண்ணைத் தாழ்த்திட்டாவ. ஜெபிச்சுப் பாத்துட்டாவளாம். ஐயோ, எம் பிள்ளை. ஸ்பீக்கருக்குக் கீழ, டம்ளரைக் கையில வச்சுக்கிட்டு.

எந்திரிக்காதட்டி சற்குணம். இது பெனிட்டா ஓலை. மூணாம் ஓலையில ஒருத்தி எந்திரிச்சான்னா ஆயுசுக்கும் பேசுவாளுவ, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க என்ன நினைப்பாங்க, அந்தப் பிள்ளை உனக்கு என்ன கெடுதல் செஞ்சுது, ஊர்லயே தெபோராக்கான்னு எழுதினது அவ ஒருத்திதான், அவ தலையிலயா போய் விழுவ, உக்காரு, வாயை மூடிக்கிட்டு உக்காரு. நின்னுட்டேன். முட்டி எப்ப நிமிந்துச்சுன்னே தெரியல. முன்பெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கேன். கிரேஸ்புஷ்பம் திரும்பினா, அவ முகத்துல ரத்தமே இல்ல. அக்கா, என்னக்கா, எம் பிள்ளைக்கு என்னக்கான்னு மெதுவாக் கேக்கா. மைக்குல ஐயர் மூச்சு விடுதது கேக்குது. அம்மா, தடை ஏதாவது? இல்ல ஐயரே. பெனிட்டாவுக்குத் தடை ஒண்ணுமில்ல, அவ நூறு வருசம் நல்லா இருப்பா, புஷ்பம், நீ பயப்படாத, என்னை மன்னிச்சுரு. எம் மவ பேரை நீங்க வாசிக்கல ஐயரே. வாசிக்க வைக்க எனக்கு உரிமை கிடையாது, அது எனக்கும் தெரியும், நான் கேக்கல. ஆனா ஒருத்தர்கிட்டயும் கேக்காமலே நீங்க மடிச்சு வச்சுட்டீங்க. தடை இருக்கான்னாவது கேட்டிருக்கலாம்ல? அதுக்குக்கூடவா அவ ஆகாதவ? நீங்க கேக்க வேண்டாம், நான் கேக்கேன். பாடம் பண்ணினது ஒண்ணும் வரல. குரலு உடைஞ்சு, கிழவி குரலா வருது. நம்ம சபையைச் சேர்ந்த சற்குணத்தோட மவ தெபோராள். கயத்தாறு எப்ராயீம். முதல் தரம். யாருக்காவது தடை இருந்தா, இப்ப, என் முகத்தைப் பாத்து, எந்திரிச்சுச் சொல்லுங்க.

ஒருத்தரும் எந்திரிக்கல. ஆம்பளைங்க பக்கம் பாக்கேன், தங்கதுரை பாமாலையில பக்கம் தேடுதாரு, முகத்தைத் தூக்கல. பொம்பளைங்க பக்கம் பாக்கேன், கிறிஸ்துமசுக்கு எந்திரிச்சுப் போன மூணு பேரும் மடியைப் பாத்துக்கிட்டு இருக்காளுவ. குழந்தை ஒண்ணு சிணுங்குது, தாய்க்காரி வாயைப் பொத்துதா. எந்திரிங்கய்யா, யாராவது ஒருத்தர் எந்திரிங்க, நான் பதிலு வச்சிருக்கேன். யாருக்கும் தடையில்ல. சரின்னும் யாரும் சொல்லல. இந்தச் சுவத்துல அவ பேரு பட்டாச்சு, ஆனா வெளியே கேட்டிருக்காது, மைக்கு ஐயர் முன்னாலதானே இருக்கு, அவளுக்குக் கேட்டதெல்லாம் பெனிட்டா பேரும், அதுக்குப் பெறகு இந்த வெறுமையும்தான். ஐயரைப் பாக்கேன். ஐயர் உதட்டை நனைச்சுக்கிட்டாவ. என் தலைக்கு மேல எங்கேயோ பாத்துக்கிட்டு, பாமாலை நம்பரைச் சொன்னாவ. எல்லாரும் எழுந்து நின்று பாடுவோம்னாவ. சபை பூரா, ஆம்பளைங்க பக்கமும் பொம்பளைங்க பக்கமும், தங்கதுரை, கிரேஸ்புஷ்பம், அந்த மூணு பேரு, ஒருத்தர் பாக்கி இல்லாம, சேலையும் வேட்டியும் சலசலக்க ஒண்ணா எந்திரிச்சாங்க. நான் உக்காந்துட்டேன்.